ஆங்கில ஆசிரியரின் பணித்திறன் மேம்பாடு: வகுப்பறைப் பழக்கம் எப்படி மாறுகிறது?

ஓர் ஆங்கில ஆசிரியர் தாம் கற்பிக்கும் விதத்தை எங்கிருந்து பெற்றார் என்று கேட்டால், ஆசிரியர் கல்விப் படிப்பிலிருந்து என்றே பலரும் விடை சொல்வார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் டேன் லார்ட்டி 1975ஆம் ஆண்டில் வேறொரு விடையை முன்வைத்தார். ஆசிரியராகப் போகிறவர் அதற்கு முன்பே தம் பள்ளிப் பருவம் முழுவதும், ஏறத்தாழ 13,000 மணி நேரம், பிற ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். கரும்பலகைக்கு முன் நிற்பது எப்படி, யாரிடம் கேள்வி கேட்பது, தவறாகச் சொன்ன மாணவரை எப்படி நடத்துவது என்பவற்றையெல்லாம் அவர் அங்கேயே, தாம் கற்கிறோம் என்ற உணர்வின்றிக் கற்றுவிடுகிறார். ஆனால் மாணவரின் இருக்கையிலிருந்து பார்க்கும்போது ஆசிரியர் செய்வது மட்டுமே தெரியும். ஏன் அப்படிச் செய்தார், எதையெல்லாம் எண்ணிப் பார்த்துக் கைவிட்டார் என்பது தெரிவதில்லை. ஆகவே பழக்கம் கைக்கு வந்துவிடுகிறது, அதன் காரணம் வருவதில்லை. இப்படி வேரூன்றிய ஒன்றை ஓரிரு நாள் பயிலரங்கம் அசைத்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பணித்திறன் மேம்பாடு என்பது, பணியில் இருக்கும் ஆசிரியர் தம் கற்பித்தலைத் தாமே கவனித்து, காரணம் அறியாமல் தொடர்ந்துவரும் பழக்கங்களை அடையாளம் கண்டு, மாணவர் கற்பதற்கு உதவும் வகையில் அவற்றை மாற்றிக்கொள்ளும் நீண்டகாலச் செயல்பாடு. பணியிடைப் பயிற்சி அதில் ஒரு பகுதிதான். புதிய பாடநூலைக் கையாள்வது, ஒலிப்பதிவைக் கொண்டு கேட்டல் திறன் பாடம் நடத்துவது, கட்டுரை விடைகளை ஒரே அளவுகோலின்படி திருத்துவது போன்ற வரையறுத்த திறன்களுக்குப் பயிற்சியே போதும். அவற்றைப் பிறர் கற்றுத்தர முடியும், குறித்த காலத்தில் கற்றும் முடித்துவிடலாம். ஒரு மாணவி பிழையின்றி எழுதிவிட்டுப் பேசச் சொன்னால் மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை என்பதை விளங்கிக்கொள்வதற்கு அப்படிப்பட்ட பயிற்சி எதுவும் இல்லை. அந்த வகுப்பில் அன்றாடம் நிற்கும் ஆசிரியர்தான் அதைத் தேடிக் கண்டறிய வேண்டும்.

ஒன்றையொன்று மறுத்துவந்த முறைகள்

ஆங்கிலம் கற்பித்தலில் முறைகள் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டே வந்திருக்கின்றன. விதிகளை மனப்பாடம் செய்வித்து வாக்கியங்களைத் தாய்மொழிக்கு மாற்றச் சொல்லும் இலக்கண-மொழிபெயர்ப்பு முறை 19ஆம் நூற்றாண்டில் கோலோச்சியது. அந்நூற்றாண்டின் இறுதியில் எழுந்த நேரடி முறை, தாய்மொழியை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தியது. 1950களிலும் 1960களிலும், மொழி என்பது பழக்கங்களின் தொகுப்பு என்ற எண்ணத்தில், ஒரே வாக்கிய அமைப்பைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் பயிற்சிகளும் ஒலிப்பதிவைக் கேட்டுச் சொல்லிப் பழகும் மொழி ஆய்வுக்கூடங்களும் பரவின. கேட்டதைத் திரும்பச் சொல்வதால் மட்டும் மொழி வந்துவிடாது, இதுவரை கேட்டிராத வாக்கியத்தையும் மனிதர் உருவாக்குகிறார் என்று மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1959இல் எழுப்பிய மறுப்பு அந்த எண்ணத்தின் அடித்தளத்தையே ஆட்டியது. யாரிடம், எப்போது, எதைச் சொல்வது பொருத்தம் என்று அறிவதும் மொழியறிவே என்று சமூகமொழியியலாளர் டெல் ஹைம்ஸ் விளக்கிய பிறகு, 1970களில், உண்மையான தேவைக்காக மொழியைப் பயன்படுத்தவைத்தே கற்பிக்கும் கருத்துப் பரிமாற்ற அணுகுமுறை வளர்ந்தது. தென்னிந்தியப் பள்ளிகளில் 1979 முதல் 1984 வரை ஆங்கிலக் கல்வியாளர் என்.எஸ். பிரபு நடத்திய திட்டம் இன்னும் ஒரு படி சென்று, இலக்கணப் பாடத்திட்டத்தையே ஒதுக்கிவைத்துவிட்டு, கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து மாணவர்களைச் சிந்தித்துத் தீர்வு காணச் செய்து, அதன் வழியே ஆங்கிலம் வளர்கிறதா என்று பார்த்தது. வெளியேற்றப்பட்ட தாய்மொழியோ அண்மைக் காலத்தில் மரியாதையுடன் வகுப்பறைக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

முப்பது ஆண்டு பணியாற்றிய ஓர் ஆசிரியர் இவற்றில் இரண்டு மூன்று அலைகளையாவது நேரில் பார்த்திருப்பார். புதிய முறை ஒன்று அறிவிக்கப்படும்போது அவர் முகத்தில் தோன்றும் ஐயத்தைச் சோம்பல் என்றோ பழமைவாதம் என்றோ ஒதுக்குவது தவறு. நேற்று எது கூடாது என்று சொன்னார்களோ அதையே இன்று வேண்டும் என்று சொல்லக் கேட்டவரின் நியாயமான எச்சரிக்கை அது.

இந்த ஐயத்துக்குத் துறைக்குள்ளேயே அறிவார்ந்த விடை ஒன்று உருவானது. எல்லா வகுப்புக்கும் பொருந்தும் சிறந்த முறை என்று ஒன்று இல்லை என்று பிரபு 1990இல் வாதிட்டார். தாம் செய்யும் செயல் எவ்வாறு கற்றலை உண்டாக்குகிறது என்பது குறித்து ஆசிரியருக்கு உயிர்ப்புள்ள, நம்பத்தக்க ஓர் உள்ளுணர்வு இருக்கிறதா என்பதே அவர் பார்வையில் முதன்மையான கேள்வி. நல்ல கற்பித்தலுக்குப் பகை தவறான முறையன்று, எண்ணிப் பார்க்காமல் இயந்திரம்போல் செய்யும் வழக்கமே என்றும் அவர் கருதினார். மொழிக் கல்வியாளர் குமாரவடிவேலு 1994இல் இதையே வேறொரு கோணத்தில் வளர்த்து, வெளியே யாரோ வகுத்த முறையை நிறைவேற்றுபவராக ஆசிரியரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தம் வகுப்பின் சூழலுக்கு ஏற்பத் தாமே கோட்பாடு உருவாக்கக்கூடியவராகப் பார்க்க வேண்டும் என்றார். பணித்திறன் மேம்பாடு என்ற கருத்து ஆங்கிலம் கற்பித்தலில் இவ்வளவு முதன்மை பெற்றதற்கு இந்தத் திருப்பம் ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து. முறையே விடை என்று நம்பிய காலத்தில் ஆசிரியர் அம்முறையைக் கற்றால் போதுமாக இருந்தது. அந்த நம்பிக்கை தளர்ந்தபோது ஆசிரியரின் கணிப்பும் முடிவெடுக்கும் ஆற்றலும் கவனத்துக்கு வந்தன.

கேட்டது ஏன் வகுப்புக்குள் வருவதில்லை

பயிலரங்கில் ஆர்வத்துடன் குறிப்பெடுத்த ஆசிரியர், அடுத்த வாரம் வகுப்பில் பழைய வழியிலேயே பாடம் நடத்துவது உலகெங்கும் காணும் நிகழ்வு. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980களின் தொடக்கத்திலேயே இதை ஆராய்ந்தார்கள். ஒரு நுட்பத்தின் கோட்பாட்டை விளக்குவது, செய்து காட்டுவது, பாதுகாப்பான சூழலில் செய்து பார்க்கவைப்பது, பின்னூட்டம் தருவது ஆகியவற்றோடு, ஆசிரியர் தம் சொந்த வகுப்பில் அதைப் பயன்படுத்தத் தொடங்கும் நாட்களில் யாரேனும் உடன் நின்று வழிநடத்துவதும் சேர்ந்தால்தான் புதிய நுட்பம் வகுப்பறையில் நிலைக்கும் என்பது அவர்களுடைய முடிவு. நடைமுறையில் நிகழும் பயிற்சிகளில் பெரும்பாலானவை முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. செலவு குறைவு, வருகைப் பதிவேட்டை நிரப்புவதும் எளிது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் தாமஸ் கஸ்கி 1986இல் சுட்டிக்காட்டியது இன்னும் நுட்பமானது. முதலில் ஆசிரியரின் மனப்பான்மையை மாற்றுவோம், பிறகு அவர் செயல் மாறும் என்ற வரிசையில்தான் பயிற்சிகள் வகுக்கப்படுகின்றன. எனவேதான் அவற்றில் ஊக்கவுரைகள் மிகுதி. உண்மையில் நடப்பது தலைகீழ் வரிசை என்றார் கஸ்கி. ஆசிரியர் ஒரு சிறு மாற்றத்தைச் செய்து பார்க்கிறார். மாணவரிடம் வேறுபாடு தெரிகிறது. அதைத் தம் கண்ணால் கண்ட பிறகே அவருடைய நம்பிக்கை மாறுகிறது. தொடக்க நிலை வாசகர் இக்கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துச் செல்வதானால் அது இந்த வரிசையாக இருக்கட்டும்.

பாடநூலையும் தேர்வையும் மாற்றிவிட்டால் கற்பித்தல் தானாக மாறிவிடும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. இலங்கையில் பள்ளி மாணவர்கள் எழுதும் பொதுத் தேர்வான க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) சாதாரண தரத்தின் ஆங்கிலப் பரீட்சை புதிய பாடநூல்களின் நோக்கத்துக்கு ஏற்ப மாற்றியமைக்கப்பட்டபோது, அதன் விளைவை டயான் வால், சார்லஸ் ஆல்டர்சன் ஆகியோர் வகுப்புகளை நேரில் உற்றுநோக்கி ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். ஆசிரியர்கள் எதைக் கற்பித்தார்கள் என்பதில் பரீட்சையின் தாக்கம் தெரிந்தது. எப்படிக் கற்பித்தார்கள் என்பதில் தெரியவில்லை. வினாத்தாளால் ஆசிரியரிடம் ஒன்றைக் கேட்க முடியும், ஆனால் அதை எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுக்க முடியாது.

ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளுதல்

அப்படியானால் எங்கே தொடங்குவது? என் கற்பித்தலை மேம்படுத்துவேன் என்ற பெரிய தீர்மானத்தால் பயன் இல்லை. பத்து நிமிடத்தில் பலமுறை நிகழ்வதும், எண்ணிப் பார்க்கக் கூடியதும், மாற்றினால் அன்றே விளைவு தெரிவதுமான ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்வதே நல்லது. ஆங்கில வகுப்பில் அதற்கு மிகவும் ஏற்றவை இரண்டு.

முதலாவது, கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் காத்திருக்கும் நேரம். அமெரிக்காவில் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்று 1970களில் வெளியிட்ட ஆய்வுகளில் காட்டினார். அதற்குள் விடை வராவிட்டால் கேள்வியை மாற்றிக் கேட்கிறார்கள், வேறொருவரை அழைக்கிறார்கள், அல்லது தாமே விடையைச் சொல்லிவிடுகிறார்கள். காத்திருப்பை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, விடையே வராத தருணங்கள் குறைந்தன, மாணவர்கள் தாமாகவே கேள்வி கேட்பதும் கூடியது. தாய்மொழியில் பாடம் கற்பவருக்கே இப்படி என்றால், கேள்வியை விளங்கிக்கொண்டு, விடையை எண்ணி, அதற்கான ஆங்கிலச் சொற்களைத் தேடி, வரிசைப்படுத்தி, உச்சரிப்புக்குத் துணிய வேண்டிய மாணவருக்கு ஒரு நொடி எந்த மூலைக்கு?

இதைத் தம் வகுப்பில் சோதிக்க விரும்பும் ஆசிரியர், நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்றுக்கொண்டு, கைபேசியை மேசைமேல் வைத்துப் பாடவேளையின் பத்து நிமிடத்தை மட்டும் ஒலிப்பதிவு செய்யலாம். முழுப் பாடவேளையையும் பதிவு செய்தால் அதைத் திரும்பக் கேட்க நேரம் கிடைக்காமல் முயற்சி அங்கேயே நின்றுவிடும். பதிவைக் கேட்கும்போது மூன்றைக் குறித்துக்கொண்டால் போதும்: ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு எவ்வளவு மௌனம் இருந்தது, விடை எத்தனை சொற்களில் வந்தது, அந்தக் கேள்வி ஆசிரியருக்கு ஏற்கெனவே விடை தெரிந்ததா தெரியாததா. கடைசியாகச் சொன்னது முக்கியமானது. பாடத்தில் வரும் சிறுவனின் பெயர் என்ன என்பது விடை தெரிந்த கேள்வி. அந்தச் சிறுவனின் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய் என்பது விடை தெரியாத கேள்வி. மைக்கேல் லாங், சார்லின் சாட்டோ ஆகியோர் 1983இல் வெளியிட்ட ஆய்வில், மொழி வகுப்புகளில் முதல் வகையே மிகுந்திருந்தது; வகுப்புக்கு வெளியே நடக்கும் இயல்பான உரையாடலில் அவ்வகை அரிதாகவே வந்தது. விடை தெரிந்த கேள்விகளுக்கும் வகுப்பில் இடம் உண்டு, ஆனால் அவை மட்டுமே கேட்கப்படும் வகுப்பில் மாணவர் ஒற்றைச் சொல்லுக்கு மேல் பேச வேண்டிய தேவையே எழுவதில்லை.

அடுத்த இரண்டு வாரங்களுக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கேள்வி கேட்டபின் மனத்துக்குள் மூன்று வரை எண்ணுவது. சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அத்தனை எளிதன்று. வகுப்பறை மௌனம் ஆசிரியருக்குத் தோல்விபோலத் தோன்றும்; மாணவர்களும் முதலில் குழம்புவார்கள். கேள்வி கேட்ட பிறகு ஒரு நிமிடம் அருகிலிருப்பவரிடம் பேசிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பிறகு விடை கேட்பது இந்தச் சங்கடத்தைக் குறைக்கும். பிறகு மீண்டும் பத்து நிமிடப் பதிவு எடுத்து முதல் பதிவோடு ஒப்பிடலாம்.

இரண்டாவது பழக்கம் பிழை திருத்தம். ‘யெஸ்டர்டே ஐ கோ டு தி லைப்ரரி’ என்று மாணவர் சொல்கிறார். ‘ஓ, யூ வென்ட் டு தி லைப்ரரி’ என்று ஆசிரியர் இயல்பாகத் திருத்திச் சொல்லிவிட்டு உரையாடலைத் தொடர்கிறார். மென்மையான, மாணவரைப் புண்படுத்தாத வழிதான். ஆனால் ஆசிரியர் தம் பிழையைத் திருத்தினார் என்பதே மாணவருக்குப் பட்டதா? கனடாவில் பிரெஞ்சு மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்ட தொடக்கப்பள்ளி வகுப்புகளை ஆராய்ந்து ராய் லிஸ்டர், லைலா ராண்டா இருவரும் 1997இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஆசிரியர் தந்த பின்னூட்டத்தில் 55 விழுக்காடு இவ்வகையே. ஆனால் மாணவர் அதைக் கேட்டு ஏதேனும் எதிர்வினை காட்டியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான தருணங்களில்தான். பிழைக்கு முன்பு வரை மாணவரின் வாக்கியத்தைச் சொல்லி நிறுத்தி, மீதியை அவரையே சொல்லவைத்தபோது எதிர்வினை ஒவ்வொரு முறையும் வந்தது. அதற்காக எல்லாப் பிழையையும் நிறுத்தித் திருத்த வேண்டும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தயங்கித் தயங்கிப் பேசத் தொடங்கிய மாணவரை ஐந்து முறை இடைமறித்தால் ஆறாவது வாக்கியம் வராது. எந்த மாணவரிடம், எந்தப் பயிற்சியில், எந்தப் பிழைக்கு எந்த வழி என்பது ஆசிரியர் கணித்து முடிவுசெய்ய வேண்டியது. அந்தக் கணிப்பைக் கூர்மையாக்குவதற்குத்தான் பதிவும் குறிப்பும்.

திட்டமிடுதல், செய்தல், உற்றுநோக்குதல், சிந்தித்துப் பார்த்தல், பிறகு திருத்திய திட்டத்துடன் மறுபடியும் தொடங்குதல் என்னும் இந்தச் சுழற்சிக்குச் செயலாராய்ச்சி என்று பெயர். ஆசிரியர் கல்விப் பாடநூல்களில் அது அத்தியாயங்களும் அட்டவணைகளும் கொண்ட ஓர் ஆய்வேடாகத் தோற்றமளிப்பதால், பலரும் அதைத் தேர்வுக்கு ஒப்படைக்கும் பணியாகவே கருதி விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கக் குறிப்பேட்டில் நடக்கும் செயலாராய்ச்சியும் செயலாராய்ச்சிதான்.

இன்னொருவர் கண்

தனியாகத் தொடங்கலாம், நெடுநாள் தனியாகத் தொடர்வது கடினம். சக ஆசிரியர் ஒருவர் வகுப்பில் அமர்ந்து பார்ப்பது பெரும் உதவி. ஆனால் வகுப்பறை உற்றுநோக்கல் என்றாலே மதிப்பீடும் ஆண்டறிக்கையும் நினைவுக்கு வருவதால், அன்று மட்டும் துணைக்கருவிகளோடு ஒரு காட்சிப் பாடம் அரங்கேறுவது வழக்கம். அதனால் பார்ப்பவருக்கும் பயனில்லை, நடத்துபவருக்கும் பயனில்லை. மேம்பாட்டுக்கான உற்றுநோக்கலில், எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பாடம் நடத்துபவரே முடிவுசெய்வார். பார்ப்பவர் தீர்ப்பு எழுதாமல் நிகழ்ந்ததை மட்டும் குறித்துத் தருவார்: இருக்கை வரைபடம் ஒன்றில் யார் யார் எத்தனை முறை பேசினார்கள் என்று கோடிட்டுக் கொடுப்பது அதற்கு நல்ல வழி. முன்வரிசையில் நடுவில் இருக்கும் நான்கைந்து பேரோடு மட்டுமே பாடம் நடந்திருக்கிறது என்பதை அந்தக் கோடுகள் எவரும் குறை சொல்லாமலேயே காட்டிவிடும்.

ஜப்பானிய ஆசிரியர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பாட ஆய்வு முறை இன்னும் ஒழுங்கானது. ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்த மற்றவர்கள் சுற்றி நின்று மாணவர்களைக் கவனிக்கிறார்கள். பிறகு கூடி விவாதித்துப் பாடத்தைத் திருத்துகிறார்கள். பாடம் எல்லாருக்கும் சொந்தமானதால் குறை யாரையும் தனியாகச் சுடுவதில்லை. எல்லார் கண்ணும் ஆசிரியரை விட்டு மாணவர் பக்கம் திரும்பியிருப்பதே இதன் சிறப்பு.

மொழிக் கல்வி ஆய்வாளர் டிக் ஆல்ரைட் வளர்த்தெடுத்த வழியில் மாணவர்களும் பங்காளிகளாகிறார்கள். குழுவாகப் பேசும்போது ஏன் தாய்மொழிக்கு மாறிவிடுகிறோம் என்பதுபோன்ற ஒரு புதிரை, வழக்கமான பேச்சுப் பயிற்சிக்குரிய தலைப்பாகவே வகுப்பில் கொடுக்கிறார் ஆசிரியர். மாணவர்கள் தம்மால் இயன்ற ஆங்கிலத்தில் அதை விவாதிக்கிறார்கள். பேச்சுப் பயிற்சியும் நடக்கிறது, ஆசிரியருக்குத் தேவையான செய்தியும் கிடைக்கிறது. தனியாக நேரமோ படிவமோ தேவைப்படாத இந்த வழி, பணிச்சுமை மிகுந்த ஆசிரியருக்கு மிகவும் பொருந்தக்கூடியது என்று நினைக்கிறேன்.

பேசத் தயங்கும் ஒரு பொருளையும் இங்கே சேர்க்க வேண்டும். உலகில் ஆங்கிலம் கற்பிப்பவர்களில் பெரும்பான்மையோர் அதை இரண்டாம் மொழியாகவோ அயல்மொழியாகவோ கற்றவர்களே. மாணவர் எங்கே தடுமாறுவார் என்று தம் அனுபவத்தால் அறிந்திருப்பது அவர்களுக்கு ஒரு வலிமை. அதே வேளையில், தம் ஆங்கிலத்தின்மேல் நம்பிக்கையில்லாத ஆசிரியர், மாணவர் எதிர்பாராத திசையில் பேசக்கூடிய பயிற்சிகளைத் தவிர்த்துப் பாடநூலின் பாதுகாப்புக்குள்ளேயே இருந்துவிடுவதும் இயல்புதான். ஆகவே தொடர்ந்து வாசிப்பது, ஆங்கிலத்தில் உரையாடும் சிறு குழுவில் சேர்வது, வகுப்பில் அறிவுறுத்தல் தரும் வாக்கியங்களைச் செம்மைப்படுத்திக்கொள்வது ஆகியவையும் பணித்திறன் மேம்பாட்டில் அடங்கும். பயிற்சித் திட்டங்களில் கற்பிக்கும் முறைகளுக்குக் கிடைக்கும் இடத்தில் பாதிகூட இதற்குக் கிடைப்பதில்லை.

புதிதாகப் பணியில் சேர்ந்தவர் இவை அனைத்தையும் முதல் ஆண்டிலேயே செய்ய முயல வேண்டியதில்லை. தொடக்கத்தில் ஆசிரியரின் கவலை பெரும்பாலும் தம்மைப் பற்றியதாகவே இருக்கும், அனுபவம் கூடிய பிறகே அது மாணவரின் கற்றல் பக்கம் நகரும் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பிரான்சிஸ் ஃபுல்லர் 1969இல் விளக்கினார். வகுப்பு கட்டுப்பாட்டுக்குள் இருக்குமா என்ற அச்சத்தோடு நிற்பவரிடம் காத்திருக்கும் நொடிகளை எண்ணச் சொல்வது இரக்கமற்ற செயல். அவருக்கு முதலில் தேவைப்படுவது, தம் வகுப்பைத் திறந்து காட்டி, ஏன் இப்படிச் செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்லும் ஒரு மூத்த ஆசிரியர்.

நிறுவனத்தின் பங்கு பெரிய செலவு பிடிப்பதன்று. ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்களுக்கு வாரத்தில் ஒரு பாடவேளையேனும் ஒரே நேரத்தில் ஓய்வாக அமையும்படி கால அட்டவணை போட்டுவிட்டு, அந்தப் பாடவேளையை வேறு ஆசிரியர் விடுப்பெடுக்கும் நாளில் பறித்துக்கொள்ளாமல் இருந்தால், ஒருவர் வகுப்பை ஒருவர் பார்த்ததைப் பற்றிப் பேசுவதற்கு இடம் கிடைக்கும்; அங்கே என்ன பேசினார்கள் என்று அறிக்கை கேட்காமல் இருப்பதும் அவசியம்.